இரட்டை உறுப்பினர் தொகுதி

டில்லிக்கு இரண்டு பேர்.
ஒரே தொகுதி, இரண்டு நாற்காலி,
ஆளுக்கு இரண்டு சீட்டு.
ஒன்று பொது, ஒன்று தனி,
இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது:
ஈரோட்டில் தாசில்தார் சொல்லித்தந்ததை
வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டு
முந்தின நாள் தவிடு ஏற்றிய வண்டியில்
ஏழு இரும்புப் பெட்டிகளோடு வந்தேன்.

தை மாசம். நொய்யலில் முழங்கால் தண்ணீர்.
மாதாகோயில் பள்ளிக்கூடம்தான் சாவடி.
சுவரில் இருந்த மாதா படத்தை
என் மாற்று வேட்டியால் மூடினேன்.
சவரியம்மா பார்த்துவிட்டு,
"ஏனுங்க வாத்தியாரே, அவளுக்கு ஓட்டில்லீங்களா?"
வரிசை முழுக்கச் சிரிப்பு.

பெட்டிக்கொரு படம்.
ஏணி, விளக்கு, மரம், சைக்கிள்.
பிறை இல்லை, சிலுவை இல்லை, வேலும் இல்லை.
காசீம் ராவுத்தர் விடிகாலையிலேயே வந்து
குனிந்து குனிந்து பார்த்தார்:
"மரம்னு போட்டிருக்கீங்கொ, என்ன மரமுங்க?"
வேம்பா, புங்கனா, எனக்கும் தெரியவில்லை.
செங்கோடக் கவுண்டர் திரைக்குள் போனதும்
கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.
எந்தப் பெட்டிக்கோ.

பத்து மணிக்கு வந்தது தகராறு.
பட்டியலில் பேரே இல்லை,
'காசீம் சம்சாரம்' என்று மட்டும் இருந்தது.
வெள்ளைத் துப்பட்டிக்குள் நிற்பது அவர்தானா,
முகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று
சைக்கிள் கட்சி ஏஜெண்டு எழுந்துவிட்டான்.
ராவுத்தர் தடியை ஊன்றினார்.
"அட சும்மா இரப்பா" என்று சவரியம்மா முன்னால் வந்தாள்.
"ஜொகராதான் இது. அந்தக் காலத் தெரியாதா எனக்கு?
ரெண்டு பேரும் ஒரே கெணத்துல தண்ணி சேந்தறோம்."
காலை வைத்து அடையாளம் காணலாமா என்று
நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ராக்கன் மேசைக்கு வந்தான்.
வரிசையிலிருந்து நாலு அடி தள்ளியே
காலையிலிருந்து நின்றவன்.
ஒற்றைக் காலைத் தூக்கி
உள்ளங்கால் முள்ளைப் பிடுங்கியபடி நின்றதை
ஜன்னல் வழியே பார்த்திருந்தேன்.
மை வைத்தேன். இரண்டு சீட்டையும் மேசைமேல் போட்டேன்,
கையில் கொடுக்கவில்லை.
"சாமி, இதுல எம்பட சீட்டு எது, பண்ணாடியோட சீட்டு எது?
ஒண்ணு நம்மாளுக்கு, ஒண்ணு உங்காளுக்குன்னு
காட்டுல சொல்லியுட்டாருங்."
"ரெண்டும் உன்னுதுதான், போ" என்றேன்.

போங்க என்று சொல்லியிருக்கலாம்.
கன்றுக்குட்டியைக்கூட
"அக்கட்டப் போங்க சாமி" என்று விரட்டுகிற ஊர் எனக்கு.
அதைவிட, பெட்டி இரண்டு என்பதைச் சொல்லியிருக்கலாம்.
துப்பட்டிப் பஞ்சாயத்தில் அது விட்டுப்போயிற்று.
அவன் திரைக்குள் வெகுநேரம் இருந்தான்.
வெளியே வந்து, மை காய்வதற்காக
விரலை வெயிலில் நீட்டிக்கொண்டே நடந்தான்.

எண்ணிக்கை ஈரோட்டில், எட்டாம் நாள்.
எங்கள் சாவடிப் பெட்டிகள் என் மேசைக்கே வந்தன.
ஒன்றில் செவ்வந்திப் பூ.
ஒன்றில் காலணா, மஞ்சள் துணியில் முடிந்து.
விளக்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது
இரண்டு சீட்டு ஒன்றாக விழுந்தது,
வேலமுள் குத்திச் சேர்த்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார்.
"ஒண்ணு செல்லும், ஒண்ணு செல்லாது. பிரிச்சு வையும்."
பிரித்தேன். காகிதத்தில் மயிரிழை ஓட்டை,
இரண்டிலும் ஒரே இடத்தில்.
எது செல்லும், எது செல்லாது என்று
தாசில்தார் சொல்லித்தரவில்லை.
மேலே இருந்ததைச் செல்லுபடிக் கட்டில் வைத்தேன்.
எடுத்தேன்.
கீழே இருந்ததை வைத்தேன்.
"என்ன வாத்தியாரே, அதுக்குள்ளயா தூக்கம்?"
என்று அடுத்த பெட்டியைத் தள்ளினார்கள்.

முள்ளை என்ன செய்வதென்றும் விதி இல்லை.
அரக்கு வைக்கும் தட்டில் கிடந்தது,
சாயங்காலம் பெருக்க வந்தவர்கள்
எடுத்துப்போகும் வரைக்கும்.